எதிர்க்கட்சி மேடையில் எடுத்த படம்

பிப்ரவரி 4

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் கட்சி மாறிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

உன் கட்சி ஆபீஸ்காரர் வந்தார். டைப் அடித்த காகிதத்தை நீட்டி, "ஒரு கையெழுத்து போடுங்க ஐயா, அவ்வளவுதான்" என்றார். படிக்காமலே போட நான் என்ன பெரிய அதிகாரியா? எட்டாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தேன். நான் ஆயுள் முழுக்க உங்கள் கட்சிக்கு மட்டும்தான் மைக் செட் கட்டினேனாம். நீ ஒன்பது வயதில் எதிர்க்கட்சி மேடையில் நிற்பதாக அந்தக் கட்சிக்காரர்கள் இப்போது வெளியிட்ட படம் ஒட்டு வேலையாம்.

கண்ணு, அந்த மேடைக்கு மைக் கட்டியவனே நான்தான். தலைவர் வரக் காணோம், கூட்டம் கலையப் பார்த்தது. மைக்கைச் சோதிக்க உன்னை முக்காலியில் ஏற்றி "ஒன், டூ, த்ரீ" சொல்லச் சொன்னேன். நீ மூன்றோடு நிற்கவில்லை. நம் தெருக் குழாயில் தண்ணீர் வராத கதையை ஆரம்பித்தாய். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மறுவாரம் குழாயில் தண்ணீர் வந்தது. நீ வார்டு உறுப்பினரானது, நகர்மன்றத் தலைவியானது எல்லாம் அந்த முக்காலியில் தொடங்கியதுதான்.

வந்தவருக்கு டீ கொடுத்தேன். கையெழுத்து கொடுக்கவில்லை.

அப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் சட்டமன்றத் தேர்தலில் எனக்கு சீட் இல்லை என்கிறார்கள். பதினைந்து வருட உழைப்பு, அப்பா. சாக்கடை அடைப்பிலிருந்து சாலை வரைக்கும் ஒவ்வொன்றாய்ச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வரியால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்காகக் கூடாதா?

மகள்

பிப்ரவரி 13

வாயாடிக்கு,

உனக்காகத்தான் போடமாட்டேன்.

படத்தை நன்றாகப் பார். முக்காலி ஆடாமல் ஒரு கை பிடித்திருக்கிறது, தெரிகிறதா? என் முகம் படத்தில் விழவில்லை, நாட்டுக்கு நல்லது. ஆனால் கை என்னுடையது. படம் பொய் என்றால் அந்தக் கையும் பொய். பிறகு எந்தக் கையால் நான் கையெழுத்துப் போடுவது?

ஆம்ப்ளிஃபயருக்குக் கட்சி கிடையாது. பொய்யையும் நிஜத்தையும் ஒரே சத்தத்தில்தான் போடும். ஆனால் நாற்பது வருடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்த என் காதுக்கு வித்தியாசம் தெரியும். பொய் சொல்லும் முன் நீ தொண்டையைச் செருமுவாய். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இதுவரை மேடையில் நீ செருமி நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

சீட் போனால் போகட்டும். நாற்காலியிலா நீ பேசக் கற்றாய்? முக்காலியில்தானே.

அப்பா

பிப்ரவரி 21

அப்பா,

அந்தக் காகிதத்தைக் கட்சி ஆபீஸ் மேஜையிலேயே கிழித்துப் போட்டேன். சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் சுயேச்சையாக நிற்கிறேன். போஸ்டரில் அந்தப் படம்தான். முக்காலியைப் பிடித்த உங்கள் கையை வெட்டிவிட வேண்டாம் என்று அச்சகக்காரரிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை பழைய குழாயடியில் முதல் கூட்டம். மைக் கட்ட ஒருவரும் வரவில்லை, கட்சிக்குப் பயம். உங்களுக்கு யாரிடமும் பயம் இல்லை என்று கேள்வி.

முக்காலியையும் எடுத்து வாருங்கள். செருமாமல் பேசுகிறேன்.

உங்கள் வாயாடி