கத்தரிக்கோல் படாத லாவெண்டர்

ஆகஸ்ட் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நலமா? நலம் என்று எழுதிவிட்டு வெறும் காபியிலேயே நாளை ஓட்டுவீர்கள், தெரியும். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

என் மகள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்த லாவெண்டர் பூத்து முடிந்திருக்கும். எருவும் தண்ணீரும் ஊட்டிச் செல்லம் கொடுக்காதீர்கள். பூத்த தண்டுகளைப் பச்சை இலை இருக்கும் இடத்தோடு கத்தரித்துவிடுங்கள். அடியில் உள்ள பழுப்புக் கட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள், மறுபடி துளிர்க்காது. பூக்காத கிளைகளில் நாலைந்தை ஈரத்துணியில் சுற்றி எனக்கு அனுப்புங்கள், நட்டுப் பார்க்கிறேன். அவள் போன பிறகு அவள் கைபட்டது என்று என்னிடம் எதுவுமே இல்லை.

அன்புடன்,
அத்தை

ஆகஸ்ட் 21

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நேற்று நானே சமைத்தேன். கருகியதைச் சொல்லமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கத்தரிக்கோலோடு போய் நின்றேன், கை வரவில்லை. குழந்தை மாதிரி வளர்த்தாளே! காய்ந்த பூவைக்கூட உதிர்க்க மனசில்லை. காலையில் அதைத் தடவிவிட்டு, அந்த வாசனையோடுதான் பட்டறைக்குப் போகிறேன். "என்னப்பா, செண்ட் போட்டுக்கிட்டு வெல்டிங் பண்றியா?" என்று கிண்டல் செய்கிறார்கள். அடுத்த வருஷம் கட்டாயம் கிளை அனுப்புகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூலை 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வருஷம் ஓடிவிட்டது. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். செடி நடுவில் பிளந்து தரையில் சாய்ந்து கிடக்கிறதே! கத்தரிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். கத்தரியுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே! நுனியில் இன்னும் பச்சை தெரிகிறது. இன்றைக்கே நாலு கிளை அனுப்புங்கள். அங்கே செடி போனாலும் இங்கே ஒன்று பிழைக்கும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அத்தை

செப்டம்பர் 26

அத்தை,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். போன மாதக் காற்றில் செடி பாதி பிய்ந்து விழுந்தது. நாலு நாள் வெளியூர் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்குள் விழுந்த கிளையெல்லாம் சருகு. பயந்துபோய் மிச்சத்தை அடிக்கட்டை வரைக்கும் வெட்டிவிட்டேன், புதிதாகத் துளிர்க்கட்டும் என்று. நீங்கள் சொன்னது அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை. இன்று கட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே காய்ந்துவிட்டது.

மன்னித்துவிடுங்கள். அவள் மேல் இருந்த பாசம்தான் அத்தை, வேறொன்றுமில்லை.

உங்கள் மாப்பிள்ளை

அக்டோபர் 3

மாப்பிள்ளைக்கு,

பாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லையென்று யார் சொன்னது? இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

அவளுக்கு மார்பில் கட்டி சின்னதாக இருந்தபோதே டாக்டர் வெட்டி எடுக்கச் சொன்னார். "அவ மேல கத்தி படறத என்னால பாக்க முடியாது அத்தை, மாத்திரையிலயே பாத்துக்கலாம்" என்றீர்கள். உங்கள் முகத்துக்காக அவளும் சரி என்றாள். நானும் பேசாமல் நின்றேன், பாவி. அப்புறம் நீங்களே பதறிப்போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்று ஓடியபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

உங்களைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். இந்த வீட்டுக்கு இனி எழுதவேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

அவளுடைய அம்மா