பதினேழாம் எண் வீட்டின்மேல் ஒன்பது சிவப்பு வட்டங்கள்

மார்ச் 4
புதிய பொறுப்பு: மக்கள் கருத்தைக் கேட்பது. எங்கள் அலுவலகத்துக்குக் கேட்டுப் பழக்கமில்லை என்பதால் வெளியூர் ஆலோசகர் ஒருவரையும் அமர்த்தியிருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் பழைய நூற்பாலை, அதன் புகைபோக்கி, சுற்றியுள்ள ஐம்பத்திரண்டு தொழிலாளர் வீடுகள் – எல்லாவற்றையும் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தாயிற்று. அறிவித்த பிறகு சும்மா விட முடியாது, மாற்றியமைக்க வேண்டும்.
பதினேழாம் எண் வீட்டில் என் அக்கா இருக்கிறாள். மேலதிகாரியிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, உங்க பேச்சைக் கேப்பாங்க" என்றார்.

மார்ச் 19
ஆலையின் உணவுக்கூடத்தில் கூட்டம். மேசை நிறைய வரைபடம். வீடு வீடாக நான் வரைந்தது. பச்சையும் சிவப்புமாக ஒட்டுவட்டங்கள் வரவேண்டும், சிவப்பு மட்டும் வந்தது. ஆலோசகர் வரவே இல்லை. கூட்டம் என்னைப் பார்த்தது.
"எதைத் தொடக் கூடாதோ, அது மேல ஒட்டுங்க. வீட்டுக்குப் பத்து" என்றேன்.
எல்லோரும் அவரவர் வீட்டின்மேல் ஒட்டினார்கள். புகைபோக்கியை யாரும் சீண்டவில்லை. "அதை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்றார் அக்காவின் பக்கத்து வீட்டு வெல்டர்.
அக்கா ஒன்பதோடு நிறுத்திக்கொண்டாள். "ஒண்ணு கையில இருக்கட்டும்டா. உங்க ஆபீஸை எவன் நம்புறது?"

மார்ச் 20
வரைபடத்தைச் சுருட்டி ஆலோசகருக்கு அனுப்பிவிட்டேன். விளக்கக் குறிப்பு வைக்கவில்லை. சிவப்புக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

ஏப்ரல் 11
அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். பக்கம் 61: "குடியிருப்புகள்மீது மக்களுக்குக் கடும் அதிருப்தி. புகைபோக்கி பற்றி ஒரு குறையும் இல்லை. வீடுகளை இடித்துப் புகைபோக்கியை மட்டும் பாதுகாக்கலாம்." ஆலோசகர் போகும் ஊரிலெல்லாம் சிவப்பு என்றால் பிடிக்காதது. பதினேழாம் எண்ணுக்குத் தனிக் கட்டமே போட்டிருக்கிறார்: மற்ற வீடுகளுக்கெல்லாம் பத்துப் பத்து, இதற்கு மட்டும் ஒன்பது புகார்.
ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஏப்ரல் 12
"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க சார். வீடு இருக்கணும்னுதான் ஒட்டுனாங்க."
"எழுத்துல இருக்கா?"
"வாயால சொன்னேன் சார்."
மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மேல அனுப்புறேன். பதவி உயர்வுப் பட்டியல்ல வேற உங்க பேரு இருக்கு... யோசிச்சுக்குங்க."
யோசித்தேன். பின்னிணைப்பு ஒன்பதில் ஒரு வரி சேர்க்க அனுமதி கிடைத்தது: "நிறங்களுக்கு வேறு பொருளும் இருக்கக்கூடும்." கூடும் – நல்ல சொல். தூங்குகிறவர் யாரையும் எழுப்பாது.

ஏப்ரல் 20
வீடுகளை இடிப்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள். அறிவிப்பை அலுவலக மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டினேன். விளக்கு எரியாத திருப்பம். ஆனால் விதிப்படி அதுவும் பொது இடம்தான்.
அக்கா போன் செய்தாள். "எல்லாம் சரியாப் போச்சாடா?"
"பரிசீலனைல இருக்குக்கா."
"அதான் ஒட்டிட்டமே. அப்புறம் என்ன?"
சொல்லியிருக்கலாம். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்று சாப்பிடப் போனேன்.

மே 5
கடைசி நாள். பெறப்பட்ட ஆட்சேபங்கள்: இல்லை.

ஜூலை 2
பதவி உயர்வு ஆணையும் வீடுகளைக் காலிசெய்யும் அறிவிப்புகளும் ஒரே உறையில் வந்தன. ஒன்று எனக்கு. ஐம்பத்திரண்டு, நான் கொண்டுபோய்க் கொடுக்க.
வெல்டர் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "தொடக் கூடாதுன்னு நீதானய்யா ஒட்டச் சொன்னே?" ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டது என்று விளக்கினேன். நல்ல மனிதர், அடிக்கவில்லை.

செப்டம்பர் 14
அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் ஒப்படைத்தாள். ரசீது கொடுத்தேன், அதுதான் முறை.
"எங்கேயோ தப்பு நடந்திருக்குடா. நீதான் விசாரிக்கணும்."
"விசாரிக்கிறேன்க்கா."
பதினோரு மணிக்குள் பதினேழாம் எண்ணை இடித்து முடித்தார்கள். அத்தான் இருந்தபோது வைத்த ஜன்னல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

நவம்பர் 9
புகைபோக்கிக்கு வர்ணம் அடித்து, விளக்குப் போட்டுத் திறந்துவைத்தார்கள். அடியில் பலகை: "மக்கள் விருப்பப்படி." வாசகம் என்னுடையது.
அக்கா இப்போது எங்கள் முன்னறையில். இன்று அவளுடைய தகரப்பெட்டியின்மேல் ஒரு சிவப்பு வட்டம்.
"இது என்ன அத்தை?" என்றாள் என் மகள்.
"யாரும் தொடக் கூடாதுன்னு அர்த்தம்" என்றாள் அக்கா. "உங்கப்பன்தான் சொல்லிக் குடுத்தான்."