செம்புக் கம்பியும் கோமதியின் கையும்

ஆனி 20, திங்கள்.

விடியும்போதே சாரல். நேற்றுக் காயப்போட்ட வேட்டி இன்னும் ஈரம். ஐந்தாம் பாரத்துக்கு இன்று சூடு கடத்தும் பாடம். வேண்டியவை: செம்புக் கம்பி, இரும்புக் கம்பி, கண்ணாடிக் கோல், மெழுகு, குண்டூசி, ஸ்பிரிட் விளக்கு. ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது, எச்.எம்.மிடம் கேட்கணும்.

பாடம் நன்றாகப் போயிற்று. மூன்றிலும் மெழுகு வைத்துக் குண்டூசி ஒட்டி, ஒரு முனையைச் சுடவைத்தேன். செம்பில் ஊசிகள் மளமளவென்று விழுந்தன. இரும்பில் மெதுவாக. கண்ணாடியில் ஒன்றுகூட இல்லை. கடைத்தெருவில் நடுகிற மின்சாரக் கம்பத்துக்கும் ஏன் சார் செம்புக் கம்பி என்று வகுப்பில் கேள்வி. நான் சொன்னது: செம்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு எலெக்ட்ரானைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடுகிறது. அது இந்த அணுவுக்குச் சொந்தம், அந்த அணுவுக்குச் சொந்தம் என்று கிடையாது. உள்ளே எங்கும் திரியும். சூட்டைக் கொண்டுபோவதும் அதுதான், மின்சாரமாக ஓடுவதும் அதுதான். இரும்பிலும் உண்டு, வழியில் தடங்கல் அதிகம். கண்ணாடியில் எல்லாம் கட்டிப்போட்டது மாதிரி.

நனைந்துகொண்டே வீடு வந்தேன். கோமதி வெந்நீர் கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சின்னச் செப்புத் தவலை, அப்படியே, வலது உள்ளங்கையில் ஏந்தி. துணி இல்லை. வாங்கினேன், கீழே போட்டுவிட்டேன். என் விரல் கொப்புளித்துவிட்டது.

"இதுக்குப் போயா?" என்று சிரித்தாள்.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். தோல் வெந்து கிளம்பியிருந்தது. பக்கத்திலேயே பழைய தழும்புகள், நாலைந்து.

ஆனி 21, செவ்வாய்.

வலிக்கவில்லையாம். கட்டுப்போட்டேன். தைப்பூசத்திலிருந்தே தட்டைத் தவறவிடுகிறாள், சுட்டுக்கொள்கிறாள். நான் ஏசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. "கண்ண எங்கன வச்சிக்கிட்டு அடுப்படில நிக்க?" எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் செம்புக் கம்பிகள் இரண்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒன்று வெந்நீரில், ஒன்று பானைத் தண்ணீரில். கண்ணை மூடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். மகள் செண்பகமும் (மூன்று வயது) கூடவே கண்ணை மூடிக்கொண்டது.

இடது கை: எல்லாம் சரியாகச் சொன்னாள்.

வலது கையில், சுண்டுவிரல் பக்கம் வைத்தேன். "சூடு... இல்ல, இருங்க... சில்லுன்னு..." என் குரலிலிருந்து விடையைப் பிடிக்கப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நீங்க இன்னும் வைக்கலியா?"

வைத்திருந்தேன்.

ஆனி 22, புதன்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஓடவில்லை. நேற்றைய காரியத்துக்காக வெட்கம். பெண்டாட்டியை வைத்துச் சோதனை செய்தவன். முழங்கைக்கு மேலே வெளுத்த தேமல் ஒன்று, அதிலும் உணர்ச்சி இல்லை. "வெயில்னால வந்தது" என்கிறாள்.

மதுரை டாக்டர் ஒருவர் சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறாராம். ஞாயிறு போகணும். கோ.விடம் குளிக்க என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனி 26, ஞாயிறு.

ஜட்காவில் குற்றாலம். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். முதலில் டாக்டர்.

ஊசியால் குத்தினார், பஞ்சால் தடவினார். முழங்கையில் நரம்பைத் தேடி அமுக்கினார். கயிறு மாதிரித் தடித்திருக்கிறது என்றார். என்னை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார்.

குஷ்டம். எழுதிவிட்டேன்.

ஆரம்பம்தானாம். வடக்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. நீரடிமுத்து எண்ணெய் ஊசி, வாரா வாரம், வருஷக்கணக்கில். "உங்களுக்கு ஒண்ணும் இல்லை. குழந்தையை மட்டும் பிரிச்சு வையுங்க. அவங்க தொடவே கூடாது, ஒரு நாள்கூட."

வெளியே வந்தேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். அருவிக்கரை வரைக்கும் நடந்தோம். பெண்கள் பக்கம் போகாமல் நின்றுவிட்டாள். "மத்தவங்க குளிக்குதாங்க" என்றாள். சாரல் முகத்தில் அடிக்க அங்கேயே நின்றாள்.

ஆனி 28, செவ்வாய்.

எச்.எம்.மிடம் ஒரு மாத லீவு. காரணம்: மனைவிக்கு நரம்பு வியாதி. பாதி நிஜம்.

கிணற்றடியில் காதில் விழுந்தது: "வாத்தியார் வீட்டம்மா தண்ணிக்கே வரல்லியே." "மாசமா இருக்கும்."

செண்பகத்தை நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். அது கோ. இருக்கிற அறை வாசலில் போய் நின்று "தூக்கு, தூக்கு" என்கிறது. கோ. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கதை சொல்கிறாள். பிள்ளை கதை கேட்கவில்லை.

ஆனி 31, வெள்ளி.

மழை விட்டது. ஆடி பிறக்குமுன் பிள்ளையைக் கூட்டிப்போகணும் என்று அவள் தம்பி வடகரையிலிருந்து வண்டி கட்டி வந்துவிட்டான். எடுத்துவைத்தது: பாவாடை நாலு, போர்வை, மரப்பாச்சி, பால் கிண்ணம் (புதுசு).

"அத்தான், பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம். அக்காவ சொகமாக்கிக் கூட்டிட்டு வாங்க" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டைப் பூட்டப் போனான்.

கோ. கதவுக்குப் பின்னால் நின்றாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எங்கள் ரயில்.

"ஒரே ஒரு தடவ தூக்கிக்கிடட்டுமா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"தூக்கலாம்னுதான் சொன்னார்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, கைக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு, பிள்ளையை மடியில் இழுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். அது வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருந்தது. வண்டி, மாடு, மாமா.

சட்டென்று கோ. நிமிர்ந்தாள். "இவளுக்கு மேலு சுடுதே."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இல்ல, சுடுது. காய்ச்சல் வரப்போகுது. ஏலே தம்பி, போனதும் சுக்குக் கஷாயம் வச்சிக் குடுக்கச் சொல்லு, கேட்டியா" என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே தெருவுக்கு ஓடினாள்.