சிவப்பு நிறம் பூசிய நாள்

என் ராசா சுதன்,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீயே எல்லாருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டாய். செய்தது நான்தான். சிரிக்காதே.

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு எனக்கு நாள், திகதி ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அதனால் ஐயர் குறித்துத் தந்த நாளை உன் லாப்டொப் கலண்டரில் போட்டுவைத்தேன். நீதானே பழக்கிவிட்டாய், "அப்பா, எல்லாத்தையும் இதில போடுங்கோ, மிச்சத்தை அது பாக்கும்" என்று. போட்டதோடு நின்றேனா? சுவர்க் கலண்டரில் பௌர்ணமிப் போயா நாளைச் சிவப்பில் அடிக்கிறார்களே, இதுவும் பெரிய நாள்தானே என்று சிவப்பு நிறமும் பூசினேன். சிவப்பில் எதைப் போட்டாலும் சொந்தக்காரர் எல்லாருக்கும் உன் பெயரில் மெயில் போகும்படி உன் தங்கச்சியின் கலியாணத்துக்கு நீ புரோகிராம் எழுதிவைத்தது, அது முடிந்ததோடு எனக்கு மறந்துபோயிற்று. புறக்கோட்டை இரும்புக் கடையில் ஆணி நிறுத்து விற்ற மூளையில் இவ்வளவுதான் பிடிக்கும்.

விடிவதற்குள் அழைப்பு வெள்ளவத்தையிலிருந்து லண்டன் வரை போயிருக்கிறது. கீழே, கலியாணத்துக்கு நீ எழுதிவைத்த அதே வரி: "கட்டாயம் வாங்கோ. அங்க சந்திப்பம். சுதன்."

அங்கே யாரைச் சந்திப்பது, ராசா?

கொட்டாஞ்சேனைச் சித்திதான் முதலில் போன் எடுத்தா. "அத்தான், செத்த பிள்ளையின்ர பேரில என்ன கூத்து இது? போனைக் கீழ போட்டிட்டன்."

"நான்தான் மச்சாள் போட்டனான். தெரியாமல்."

"உங்களுக்குத் தெரிஞ்சு எதுதான் நடந்தது?"

நியாயமான கேள்வி.

அன்று பின்னேரம் உன் ஒபிஸ் கூட்டாளி ரிஸ்வான் மாளிகாவத்தையிலிருந்து வந்தான். நீ எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இத நிப்பாட்டிடட்டா?" என்றான். குசினியிலிருந்து அம்மா வந்து நின்றா.

"நிப்பாட்டினால் காலமை எனக்கு ஆர் குளிசை போடச் சொல்லுறது?"

அம்மாவுக்கு மருந்தை நினைவூட்ட அதே புரோகிராமில் நீ வைத்த காலை மெயில், நீ போன பிறகும் ஒரு நாளும் பிந்தவில்லை. "அம்மா, பிரஷர் குளிசை. சுதன்." அதைப் பார்த்த பிறகுதான் அவ தண்ணீர் எடுக்கிறா. சில நாள் பதிலும் போடுகிறா, "போட்டிட்டன் தம்பி" என்று. அதெல்லாம் உன் மெயில் பெட்டியில் கிடக்கிறது. நான் திறப்பதில்லை.

ஆனால் எவ்வளவு காலத்துக்கு? இன்னொரு தடவை நான் எதையாவது சிவப்பாக்கினால் சித்தியின் நெஞ்சு தாங்குமா? ரிஸ்வான்தான் ஒரு வழி சொன்னான். புரோகிராம் ஓடட்டும், அனுப்புகிறவர் பெயரை மட்டும் என் பெயராக மாற்றலாமாம். அம்மா என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலை எனக்கு வந்தது: "அப்பா, இண்டைக்குக் களுபோவில ஆசுபத்திரியில கிளினிக். சாப்பிடாமல் போங்கோ. கந்தசாமி." என்னை நானே அப்பா என்று கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருக்கிறேன். அதைக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று போனேன். அவ தனக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தா. நீ எழுதியதில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கீழே பெயர் மட்டும்தான்.

"இது தம்பி சொல்லுற மாதிரி இல்ல, நீங்கள் கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றா. போனைக் கவிழ்த்து வைத்தா. குளிசை போடவில்லை. நானே எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்கும் மட்டும் பக்கத்தில் நின்றேன்.

இனி அது என் வேலை. மெயில் வந்தாலும் வராவிட்டாலும் குளிசையும் தண்ணீரும் என் கையால் போகும். சிவப்பு நிறத்தைத் தொடமாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல இருக்கிறது. பெயரை மாற்ற முன்னம் ரிஸ்வான் கேட்டான், "அங்கிள், மகன்ட பேர்ல கடைசியா ஒரு மெயில் உங்களுக்கு அனுப்பட்டா?" அம்மா பக்கத்தில் நின்றா. "வேண்டாம் தம்பி, உமக்கு நேரம் போகுது" என்றேன்.

"அனுப்பு" என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா