இடது பக்கம் உன் அளவு

மச்சான்,

இன்று பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு ரேஸ் சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு பல்சக்கரம், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெடலைத் தாங்கும் கிராங்குத் தண்டை எந்த நீளத்தில் போடுவதென்று கடைக்காரனுக்கும் வாங்க வந்தவனுக்கும் வாக்குவாதம். கிரீஸ் வாசம் வேறு. அப்படியே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடிவிட்டாய் என்று கோத்தகிரியிலிருந்து உன் மகள் போனில் சொன்னபோதுகூட வராத அழுகை, அங்கே வந்தது. எனக்கு எழுத வராதென்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

நாம் கூட்டாக வாங்கிய பழைய சைக்கிள் முன்பு மொனராகலையில் கரும்புக்காட்டுப் பக்கம் ஓடியது. சமதரைக்காரன் வண்டி, முன்னால் பெரிய பல்சக்கரம். தெமோதரை ஏற்றத்தில் அது நம்மைச் சுமக்கவில்லை, நாம்தான் அதைத் தள்ளினோம். டவுனில் சைக்கிள் திருத்தும் நானாவின் கடையில் கொடுத்து, மிதிக்க லேசாக இருக்கட்டுமென்று சின்னப் பல்சக்கரம் மாற்றினோம். தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே சிரிப்பு.

"என்னங்கடா, தையல் மிஷின் சக்கரத்தையா மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

சிரித்தவர்கள் மூச்சு வாங்க நடந்து ஏறும்போது, மணி அடித்துக்கொண்டு தாண்டிப் போனோம்.

அப்புறம்தான் கிராங்குச் சண்டை. நீ நெட்டை. நீளமாக இருந்தால்தான் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்க முடியும் என்றாய். எனக்கோ அதில் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். வளைவில் சாய்ந்தால் பெடல் ரோட்டில் உரசும் என்றும் சொன்னேன். கடைசியில் நீதான் தீர்ப்புச் சொன்னாய், இடது பக்கம் நீளமாக உன் அளவு, வலது பக்கம் குட்டையாக என் அளவு. நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சைக்கிள் நொண்டுமே தம்பி."

"நொண்டட்டும் நானா. சண்டை நிக்குமில்ல."

நொண்டத்தான் செய்தது. சைக்கிளுக்கே வாதம் வந்துவிட்டதென்று மடுல்சீமை வரைக்கும் பேச்சு.

பிறகு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. நீ கப்பல் ஏறுவதற்கு முந்திய சித்திரையில், பதுளையிலிருந்து தெமோதரைக்குச் சைக்கிள் பந்தயம். "இந்த ஏத்தத்துல ஒரு தடவையாவது மொத ஆளா வந்துட்டுப் போகணும் மச்சான்" என்று தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாய். முந்தின நாள் நானே போய் இன்னொரு நீளக் கிராங்கு வாங்கி வந்தேன். இரண்டு பக்கமும் உன் அளவாக இருந்தால் உன்னைப் பிடிக்க ஆளில்லை.

நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

"ஏன்டா, ஜெயிக்க வேணாமா?"

"அங்க போயி தனியாத்தானே மிதிக்கப் போறேன். இங்க ரெண்டு பேராவே ஏறிக்கிறேன்."

கடைசி ஆளாக வந்தாய். மற்றவர்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு இடத்திலும் கால் ஊன்றவில்லை. இறங்கி, வேர்வையைத் துடைத்தபடி, "தோத்ததுல பாதி ஒன்னோடது, மறந்துராத" என்றாய்.

கப்பலைப் பிடிக்க நீ ரயிலேறிப் போனபின், உன் கிராங்கைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் என் அளவையே போட்டேன். நொண்டாமல் ஓடியது. இடது கால் மட்டும் கீழே போய், அங்கே இல்லாத இடத்தைத் தேடிவிட்டு மேலே வரும்.

இப்போதும் படி இறங்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் ஆழமாகத்தான் வைக்கிறேன். விழுந்துடப் போறீங்க தாத்தா என்று பேத்தி பதறுகிறாள். விழ மாட்டேன் மச்சான். அது உன் அளவுக்குப் பழகிய கால்.