தமிழ் தெரியாத குரல்

என்னங்க,

கணினியில் புதுக் குரல்கள் ஏற்றியாயிற்று. கண் தெரியாத எனக்குத் திரையை வாசித்துச் சொல்ல இத்தனை நாளும் ஒரே பெண் குரல்தான். கரண்ட் பில்லையும் உங்கள் கடிதத்தையும் ஒரே மாதிரி வாசிப்பாள், மகராசி.

ஒவ்வொரு குரலையும் ஏற்றியதும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். திறந்ததும் உங்கள் கடிதத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குக்கா திரும்பத் திரும்ப அதையே போட்டுப் பாக்கறே? வேற எதையாவது படிக்க விடேன்" என்றாள். குரல் மாறினால் அர்த்தமும் கொஞ்சம் மாறாதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

மாறவில்லை. ஆண் குரல், பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி, "இனி நான் வரமாட்டேன்" என்றது. இன்னொருத்தி அதையே குதூகலமாகச் சொன்னாள். தவறுதலாக ஏற்றிய ஆங்கிலக் குரலுக்கோ தமிழ் தெரியாது. தேதியை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதற்காவது என் மேல் இரக்கம் இருந்தது.

அதையே வைத்துக்கொண்டேன். இனி நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குக் கேட்காது. ஒரே ஒரு தடவை போன் செய்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நம்புகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி