இரண்டு கம்பிகள்

இன்வர்கார்கில்
2 மே 2023

ஐல்சாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. விட்டுவிட்டேன். போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டு, எதுவானாலும் காகிதத்தில் எழுதச் சொல் என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பினாயாம். சரி, காகிதத்திலேயே கேள்.

சோபா, சாப்பாட்டு மேஜை, நாய், எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். கொட்டகையில் இருக்கும், பியர் காய்ச்சும் மின்சார அண்டா மட்டும் என்னுடையது. கடையிலிருந்து வந்தபோது அது வெறும் வெந்நீர்ப் பானை. அதற்கு வலுவான பம்ப் மாட்டியவன் நான். பார்லிச் சாறு மேலிருந்து மழைபோல் விழத் துளைக்குழாய் செய்தவன் நான். சூடு வெளியேறாமல் கூடாரத்தில் விரிக்கும் நுரைப் பாயை வெட்டி அதற்குச் சட்டை தைத்தவனும் நான்தான். நம் ஊர்ப் பியர் காய்ச்சுவோர் மன்றத்தில் அதைப் பார்த்து வாயைப் பிளக்காதவன் உண்டா?

நீ ஒருமுறை பார்லிக் கூடையைத் தூக்கினாய். பாதியைத் தரையில் கொட்டினாய். ஆட்டுக்கு ஊசி போடுகிற கைக்கு இந்த வேலை ஒத்துவராது. அண்டாவைத் துடைத்து மூடி வை. வந்து எடுத்துப்போகிறேன்.

யூவன்


ஓமரு
9 மே

மாண்புமிகு யூவன் அவர்களுக்கு,

கூடையை நான் கொட்டியது உண்மை. ஏழு வருஷத்தில் ஒரே ஒருமுறை. நீ காய்ச்சிய ஒவ்வொரு முறையும் அடியில் பிடித்த கருகலை மண்டிபோட்டுத் தேய்த்தவள் யார்? “ஐல்சா, கொஞ்சம் அலசி வையேன்” என்று சொல்லிவிட்டு நீ மன்றத்துக்குப் பரிசுக் கோப்பை வாங்கப் போய்விடுவாய்.

நீ போன பிறகு நாலு முறை காய்ச்சிவிட்டேன். உன்னைப்போல் பார்லியை மாவாக அரைப்பதில்லை. உமி உடையும் அளவுக்குத்தான். கொதி வருகிற வரை பக்கத்திலேயே நின்று அடியைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தமாத்தி வந்து என் கறுப்பு பியரைக் குடித்துப் பார்த்தான். “யூவன் காய்ச்சுனா தொண்டைல ஒரு தீஞ்ச வாடை நிக்கும். பெரிய ஆளு, ஏதோ புதுப் பக்குவமா இருக்கும்னு நாங்களும் வாய மூடிக்கிட்டுக் குடிச்சோம். இதுல அது இல்லையே!” என்றான். உன் நெருங்கிய நண்பன் சொன்னது. நான் இட்டுக்கட்டவில்லை.

ஜூனில் மன்றப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அண்டா வராது.

ஐல்சா


இன்வர்கார்கில்
15 மே

ஐல்சா,

தமாத்தி வாயில் வைக்கிற எதையும் நன்றாக இருக்கிறது என்பான். அவன் பேச்சை நம்பிப் போட்டிக்குப் போய் நிற்காதே, ஊர் சிரிக்கும்.

அண்டாவை இனி மின்சாரத்தில் செருகாதே. ஏன் என்று கேட்காதே. அதைப்பற்றி உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். செருகாதே என்றால் செருகாதே. வருகிற சனிக்கிழமை தம்பி க்ளைடின் வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன். கொட்டகைச் சாவியை வாசலில் வைத்துவிட்டு நீ வெளியே எங்காவது போய்விடு. உன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

யூவன்


ஓமரு
22 மே

யூவன்,

சனிக்கிழமை நீ செய்த கூத்தை நீயே மறந்திருப்பாய். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் கொட்டகைக்குள் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கதவை உதைத்தாய். “கதவத் தெற ஐல்சா! ஒடச்சிருவேன்!” என்றாய்.

“ஒடையேன், பாக்கலாம். நாலு தெருவும் பாக்கட்டும்” என்றேன்.

“நீ ஒரு திருடி! என் பேர்ல நீ கோப்பை வாங்கப் பாக்குற!”

“ஒன் பேர்ல வாங்குனா தீஞ்ச வாடைக்குத்தான் குடுப்பாங்க!”

அதற்குமேல் என் அம்மாவை இழுத்தாய், என் சமையலை இழுத்தாய், குழந்தை பிறக்காததைக்கூட இழுத்தாய். உன் தம்பி க்ளைடுக்கே கூச்சமாகிவிட்டது. “வாண்ணே, போதும். அசிங்கமா இருக்கு” என்று உன் தோளைப் பிடித்து இழுத்துப்போனான்.

முக்கால் மணி நேரம் கத்தினாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் சொல்லவில்லை.

அது என்ன என்று உனக்குத் தெரியும்.

ஐல்சா


இன்வர்கார்கில்
1 ஜூன்

ஐல்சா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அண்டாவின் அடியில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. தண்ணீர் வற்றி அடி காய்ந்தாலோ, சூடு மிஞ்சினாலோ அது தானாக மின்சாரத்தை நிறுத்திவிடும். என் பார்லி மாவு அடியில் பிடித்துப் பிடித்து, கொதிக்கும்போதெல்லாம் அது நின்றுபோனது. மன்றத்தார் எல்லோரும் சுற்றி நிற்கையில் ஒருநாள் மூன்று முறை நின்றது. மறுநாள் அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கம்பிகளையும் நேராக இணைத்துவிட்டேன். பிறகு ஒருபோதும் நிற்கவில்லை. ‘யூவன் கை வைத்தால் சரியாகிவிடும்’ என்றார்கள். இப்போது அது காய்ந்தாலும் நிற்காது. சிவக்கச் சிவக்க எரியும். நான் தைத்த பாய் முதலில் பற்றும்.

சனிக்கிழமை சொல்லத்தான் வந்தேன். உரிமம் வாங்கிய மின்பணியாளனான நானே இதைச் செய்தேன் என்று க்ளைடின் எதிரில், தெருவின் எதிரில் சொல்ல நாக்கு எழவில்லை. உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

இன்னொன்று. தமாத்தி கேட்டான் என்று அவனுடைய அண்டாவுக்கும் பாய்ச் சட்டை மாட்டி, இதையே செய்திருக்கிறேன். வேறு யாருக்கும் செய்யவில்லை. அவனிடம் நீ சொல். என்னால் முடியாது.

யூவன்


ஓமரு
7 ஜூன்

யூவன்,

உன் கடிதம் நேற்று, செவ்வாய்க்கிழமைதான் வந்தது. இங்கே தபால்காரர் தினமும் வருவதில்லை. திங்களன்று அரசர் பிறந்தநாள் விடுமுறை வேறு. அவசரச் செய்தியைத் தபாலில் போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். உன்னிடம் தமாத்தியின் எண் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பியரை வடித்துவிட்டு, அண்டாவை அணைக்க மறந்து, ரேடியோவில் ரக்பி கேட்க உள்ளே போய்விட்டான். புகை வாடை வந்து ஓடிப் பார்த்தபோது பாய் உருகிச் சொட்டிக்கொண்டிருந்ததாம். மின்செருகியைப் பிடுங்கப்போய் இரண்டு கையும் வெந்துவிட்டன. அண்டா இருந்த சலவை அறை எரிந்துபோய்விட்டது. வீடு தப்பியது. கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். வலது கையில் தோல் ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இப்போது என் பங்கு.

உன் இரண்டு கம்பிகளை நான் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன். முதல்முறை காய்ச்சுவதற்கு முன் கருகலைச் சுரண்ட அடித்தட்டைக் கழற்றினேன். சுவிட்ச் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. திமாரு ஊரிலிருந்து மின்வேலைக்காரரை வரவழைத்துப் புதியது மாட்டினேன், பாயையும் கழற்றி எறிந்தேன். “யாரும்மா இப்புடிப் பண்ணுனது? அவன் கைய ஒடைக்கணும்” என்றார் அவர். என் கணவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நீயாக வந்து, ‘ஐல்சா, தப்பு செய்துவிட்டேன், கவனமாக இரு’ என்று சொல்வாயா என்று காத்திருந்தேன். உன் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகத்தான் பிரித்தேன். கதவுக்குப் பின்னால் நின்றதும் அதற்காகத்தான். நீ ஒவ்வொரு முறையும் சொல்ல மறுப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. உன்னை விட்டது சரிதான் என்பதற்கு அது எனக்குச் சாட்சி. பிப்ரவரியில் மன்றத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் தமாத்தி அன்றைக்கே தன் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்திருப்பான். அவன் அண்டாவிலும் உன் கை பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

விசாரிக்க வந்த தீயணைப்பு அதிகாரியிடம் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இங்கிருந்த நம் அண்டாவையும் எடுத்துப்போய்விட்டார்கள். இனி அதற்காக நாம் சண்டை போட வேண்டியதில்லை. போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் கிறைஸ்ட்சர்ச் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தமாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னுடையதையும் என்னுடையதையும். “ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் ஜெயிக்கணும். நடுவுல என் கைதான் கெடச்சுதா?” என்றான். அவன் மனைவி என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன்.

அவனைப் பார்க்கும் நேரம் பகல் இரண்டு முதல் நான்கு வரை. நீ வரப்போவதானால் என்னிடம் சொல்லாதே. அவனிடம் போய்ச் சொல். எனக்கு இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

ஐல்சா